லாங்வுட்: கீழ்த்தளத்தோடு நின்றுபோன எண்கோண மாளிகை

லாங்வுட் மாளிகையின் கீழ்த்தளத்தில் நடந்தால் அது 19-ஆம் நூற்றாண்டின் வசதியான குடும்பத்து வீடு. பூச்சு பூசிய சுவர், கணப்படுப்பு, மர நாற்காலிகள், மேசைகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு மாடி ஏறினால் எல்லாம் மாறிவிடுகிறது. பூச்சையே காணாத செங்கல் சுவர்கள். தலைக்கு மேல் இழைக்காத உத்திரங்கள். கதவு வரும் என்று விட்ட இடைவெளிகளில் கதவு இல்லை. வேலைக்காரர்கள் விட்டுப்போன கருவிகளும், பெயின்ட் வாளிகளும், மரப்பெட்டிகளும் அங்கேயே கிடக்கின்றன. நடுவில் நின்று அண்ணாந்தால் பார்வை தளம் தளமாக ஏறி, உச்சிக் குவிமாடத்தின் அடிவயிற்றில் போய் முட்டுகிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், நாச்செஸ் என்ற ஊரின் ஓரத்தில் இருக்கிறது இந்த வீடு. 1860-ல் வேலை தொடங்கியது, 1861-ல் நின்றது. திட்டத்தில் 32 அறைகள், முடிந்தவை 9. அந்த ஒன்பதும் கீழ்த்தளத்தில்தான். அமெரிக்காவில் இருக்கும் எண்கோண வீடுகளில் மிகப் பெரியது இதுதான்.

ஏன் நின்றது என்று கேட்டால் ஊரில் ஒரே வரியில் பதில் வரும்: போர் வந்தது, ஆட்கள் கருவியைப் போட்டுவிட்டுப் போனார்கள். தப்பில்லை. ஆனால் அந்தப் போர், அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர், 1865-ல் முடிந்துவிட்டது. கட்டடத்தை வரைந்தவர் 1884 வரை உயிரோடு இருந்தார். சுவரும் கூரையும் நின்றன. அப்புறம் ஏன் ஒரு அறைகூட மேலே முடிக்கப்படவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால்தான் வீட்டின் கணக்கு பிடிபடுகிறது. வீட்டை எதை வைத்துக் கட்டினார்கள் என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல்

உள்நாட்டுப் போருக்கு முந்தைய தென்மாநில மாளிகை என்றால் நம் மனதில் ஒரு படம் வரும். வெள்ளைத் தூண்கள், சுற்றிலும் பருத்தி வயல். நாச்செஸ் அப்படிப்பட்ட ஊர் இல்லை. அது மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் உயரமான மேட்டில் இருக்கிறது. 1716-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டிய இடம். எதிர்க்கரையில், லூசியானா பக்கம், வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த கறுப்பு வண்டல் மண். பருத்திக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. ஆனால் தாழ்வான நிலம், கொசு, காய்ச்சல். அதனால் நிலக்காரர்கள் பருத்தியை அந்தக் கரையில் விளைவித்துவிட்டு, வீட்டை இந்தக் கரை மேட்டில் கட்டிக்கொண்டார்கள்.

லாங்வுட்டும் அந்த வகைதான். அது தோட்டத்து வீடு அல்ல, நகரத்தை ஒட்டிய ஒரு வில்லா. பணம் விளைந்த இடம் அந்த வீட்டின் எந்த ஜன்னலிலிருந்தும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஊரின் மாளிகைகளைப் பார்ப்பவர்கள் அவற்றின் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடிவதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம்.

வீட்டைக் கட்டவைத்தவர் ஹாலர் நட். 1816-ல் பிறந்தவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய அப்பா ரஷ் நட் மருத்துவர். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது பருத்தியில்தான். ‘பெட்டி கல்ஃப்’ என்ற பருத்தி ரகம் அவரோடு சேர்த்துப் பேசப்படுவது. நோய் தாங்கும், பறிக்கச் சுலபம், நல்ல இழை என்று அந்த ரகம் தெற்கு முழுக்கப் பரவியது. பருத்தி விதை நீக்கும் ஜின் இயந்திரத்திலும் அவர் திருத்தங்கள் செய்தார்.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்று இடையில் வருகிறது. 1840-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியாவில் அமெரிக்கப் பருத்தியை விளைவித்துப் பார்க்க, மிசிசிப்பி வட்டாரத்திலிருந்து பத்து பருத்திப் பண்ணையாளர்களைச் சம்பளம் கொடுத்து அழைத்துவந்தது. அவர்களில் சிலர் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார்கள். கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் பல வருஷம் அந்தச் சோதனைப் பண்ணைகள் நடந்தன. எதிர்பார்த்த பலன் வரவில்லை. விதையையும் விவசாயியையும் கப்பலில் கொண்டுவர முடிந்தது. அங்கே பருத்தியை மலிவாக்கிய உண்மையான காரணத்தைக் கொண்டுவர முடியாது. அந்தக் காரணம் அடிமை உழைப்பு.

1808-க்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவர அமெரிக்கச் சட்டம் தடை போட்டுவிட்டது. ஆனால் நாட்டுக்குள்ளே விற்பதற்குத் தடை இல்லை. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து சுமார் பத்து லட்சம் பேர் இப்படித் தெற்கே பருத்தி நாட்டுக்குத் தள்ளப்பட்டார்கள். சங்கிலியில் பிணைத்து நடத்திக்கொண்டு வந்தார்கள், கப்பலிலும் ஏற்றிவந்தார்கள். நாச்செஸ் ஊரின் கிழக்கு எல்லையில், சாலைகள் பிரியும் இடத்தில், ‘ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு’ என்ற அடிமைச் சந்தை இருந்தது. அந்தப் பிராந்தியத்தில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய சந்தை அதுதான். 1833-ல் ஊருக்குள் வியாபாரிகள் அடிமைகளை வைத்து விற்கக் கூடாது என்று நகராட்சி சொன்னபோது, அவர்கள் எல்லைக்கு வெளியே கடை போட்ட இடம் அது.

1860 கணக்கெடுப்பில் நாச்செஸ் இருக்கும் ஆடம்ஸ் மாவட்டத்தின் மக்கள்தொகை 20,165. அதில் 14,292 பேர் அடிமைகள். பத்துக்கு ஏழு பேர்.

ஹாலர் நட்டிடம் லூசியானாவிலும் மிசிசிப்பியிலும் பல தோட்டங்கள் இருந்தன. ‘விண்டர் குவார்ட்டர்ஸ்’, ‘அராபி’ ஆகியவை அவற்றில் இரண்டு. மொத்தம் சுமார் 43,000 ஏக்கர், 800 அடிமைகள், முப்பது லட்சம் டாலருக்கு மேல் சொத்து என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். 1840-ல் ஜூலியா வில்லியம்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1850-ல் லாங்வுட் நிலத்தை அதிலிருந்த பழைய வீட்டோடு வாங்கினார். பத்து வருஷம் கழித்து, அந்த இடத்தில் ஊரே பார்க்காத ஒன்றைக் கட்ட முடிவு செய்தார்.

எண்கோணம் ஏன்?

ஊர் முழுக்க அப்போது கிரேக்கக் கோவில் பாணிதான். ஸ்டான்டன் ஹால், மெல்ரோஸ், டன்லீத் எதைப் பார்த்தாலும் நேர்கோடு, வெள்ளைத் தூண், முக்கோண முகப்பு அல்லது அகலத் தாழ்வாரம். நட் அந்த வழியில் போகவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் இருந்த சாமுவேல் ஸ்லோன் என்ற கட்டடக் கலைஞரிடம் போனார்.

ஸ்லோன் தச்சராகத் தொடங்கி மேலே வந்தவர். மனநல மருத்துவமனைகளை வடிவமைப்பதில் பெயர் பெற்றவர். அலபாமாவின் டஸ்கலூசாவில் கட்டிய மருத்துவமனையும் அவர் வேலைதான், அதனால் தெற்கு அவருக்குப் புதிதல்ல. வீட்டு வரைபடங்களைப் புத்தகமாகப் போட்டு விற்பதிலும் கெட்டிக்காரர். 1852-ல் வந்த அவருடைய வரைபடப் புத்தகத்தில் ‘கீழ்த்திசை வில்லா’ என்று எண்கோண மாளிகை ஒன்று இருந்தது. லாங்வுட்டின் விதை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

எண்கோண வீடு அந்தக் காலத்து ஒரு மோகம். அதைக் கிளப்பிவிட்டவர் ஆர்சன் ஃபௌலர். மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லும் தொழிலில் இருந்தவர். 1848-ல் அவர் எண்கோண வீட்டுக்காக ஒரு புத்தகமே எழுதினார். மண்டைக் கணிப்பு பொய்யாகிப் போனது. ஆனால் வீட்டுக் கணக்கு பொய்யில்லை. போட்டுப் பார்க்கலாம். சுற்றுச்சுவர் மொத்தம் 160 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரமாகக் கட்டினால் பக்கத்துக்கு 40 அடி, உள்ளே 1,600 சதுர அடி. அதே 160 அடியை எட்டாகப் பிரித்து, பக்கத்துக்கு 20 அடியாக எண்கோணம் கட்டினால் உள்ளே சுமார் 1,931 சதுர அடி. அதே நீளச் சுவர், இடம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

நட்டுக்குச் செங்கல் மிச்சம் பிடிக்கும் கவலை இருந்திருக்காது. அவர் வீட்டுக்கு எண்கோணம் பொருந்துவதற்கு வேறு காரணம் உண்டு, அது காற்று. நாச்செஸ் கோடை நம் கடற்கரை ஊர்க் கோடை மாதிரி, வெப்பத்தோடு புழுக்கமும் சேர்ந்தது. லாங்வுட்டின் நடுவில் ஒரு எண்கோணக் கூடம், அதைச் சுற்றி அறைகள், அறைகளிலிருந்து வெளியே தாழ்வாரங்கள். நடுக்கூடம் எந்தத் தளத்திலும் மூடப்படாமல் நேராக மேலே ஏறுகிறது. அதன் உச்சியில் பதினாறு பக்கமுள்ள ஒரு ஜன்னல் மாடம், அதற்கும் மேலே வெங்காயம் போன்ற குவிமாடம். உள்ளே சூடாகும் காற்று தானாக மேலே எழுந்து மாடத்து ஜன்னல்கள் வழியே வெளியேறும். அது வெளியேற வெளியேறத் தாழ்வாரத்து நிழலில் குளிர்ந்த காற்று அறைகள் வழியாக உள்ளே இழுக்கப்படும். மொத்த வீடும் ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும்.

வெளிச்சத்துக்கும் கிணறு போன்ற அந்த நடுக்கூடம்தான் வழி. எண்கோண வீட்டின் பெரிய குறை, நடுப்பகுதி இருண்டுபோவது. ஸ்லோன் அதற்கு மாடத்து வெளிச்சத்தைக் கண்ணாடிகள் வைத்துத் திருப்பித் திருப்பிக் கீழ்த்தளம் வரை இறக்கத் திட்டமிட்டார். கண்ணாடிகள் வந்து பொருத்தப்படவில்லை. ஆனாலும் இன்றைக்கும் முதல் தளத்தில் நின்று மேலே பார்த்தால், வெளிச்சம் மேலிருந்து வழிந்து செங்கல்மேல் இறங்குவது தெரியும். பூச்சு பூசி வர்ணம் அடித்திருந்தால் அது அழகான கூடமாக இருந்திருக்கும். இப்போது அது ஒரு பாடம் மாதிரி இருக்கிறது. சுமை எப்படி இறங்குகிறது, உத்திரம் எங்கே உட்காருகிறது, வளைவு எதைத் தாங்குகிறது என்று ஒவ்வொன்றையும் கண்ணால் தொடர்ந்து போகலாம். கட்டடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு இடம் எளிதில் கிடைக்காது.

வெளித்தோற்றத்தில் பல பாணிகளைக் கலந்திருக்கிறார் ஸ்லோன். கூரை விளிம்பைத் தாங்கும் கொடுங்கைகள் இத்தாலியப் பாணி, தாழ்வாரத்து வளைவுகளும் குவிமாடமும் ‘மூரிஷ்’ என்று அவர்கள் நினைத்துக்கொண்ட கீழ்த்திசைப் பாணி. எந்தக் கீழ்த்திசை என்று கேட்கக் கூடாது. எகிப்து, துருக்கி, இந்தியா எல்லாம் அன்றைய வரைபடப் புத்தகங்களில் ஒரே அலமாரிச் சரக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நேரில் பார்க்காத நாட்டை ஆசையோடு கற்பனை செய்தவனின் கை அது, அந்த ஆசை மரவேலையில் தெரிகிறது. என்னைக் கேட்டால் குவிமாடத்தைவிடத் தாழ்வாரங்கள்தான் இந்த வீட்டின் வெற்றி. கனமான செங்கல் உடம்புக்கு அவை ஒரு மென்மையைத் தருகின்றன. வெயில் நேராகச் சுவரில் படாமல் தடுக்கின்றன.

முழுத் திட்டம் சுமார் 30,000 சதுர அடி, ஆறு நிலை. 26 கணப்படுப்புகள், 115 கதவுகள், 96 தூண்கள் என்று கணக்கு. கணப்படுப்பு எண்ணிக்கையில் ஒரு நிமிஷம் நிற்கலாம். குளிர்காலத்தில் 26 அடுப்புக்கும் எரிபொருள் சுமந்து ஏற வேண்டும், சாம்பல் அள்ளி இறங்க வேண்டும். ஆறு நிலை வீட்டில் விளக்குக்கு எண்ணெய், குளிக்கத் தண்ணீர், சாப்பாடு எல்லாம் ஒருவர் கையில் மேலே போக வேண்டும். வரைபடத்தில் படிக்கட்டாகத் தெரிவது அவர்களுக்கு ஒரு நாளில் எத்தனை முறை என்று தெரியாத ஏற்றம். சம்பளம் இல்லாமல் ஏறி இறங்க ஆட்கள் இருப்பார்கள், என்றைக்கும் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் இப்படி ஒரு வீட்டை வரைய முடியும்.

வேலை நடந்த விதம்

பழைய வீடு இருந்த இடத்தில் புதிய வீடு எழும்பத் தொடங்கியது. வேலை நடக்கும் காலத்தில் நட் குடும்பம் தங்கியது பக்கத்திலிருந்த ஒரு செங்கல் கட்டடத்தில். அது வீட்டு வேலை செய்யும் அடிமைகளுக்கென்று இருந்த இடம்.

அடித்தளம் தோண்டியதும், மண் குழைத்துச் செங்கல் அறுத்ததும், சூளை போட்டுச் சுட்டதும் நட்டின் அடிமைகள். செங்கல் வெளியிலிருந்து வாங்கியதல்ல, அந்த நிலத்திலேயே செய்தது. நுணுக்க வேலைக்கு ஸ்லோன் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தச்சர், கொத்தனார், தகர வேலைக்காரர்களை அனுப்பினார். மேற்பார்வைக்கு அனுப்பிய இளைஞர் அடிசன் ஹட்டன். பிற்காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் பெயர் சொல்லும் கட்டடக் கலைஞர் ஆனவர். ஹட்டன் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அடிமை முறைக்கு எதிராக அந்த நாட்டில் முதலில் வாய் திறந்தவர்களில் குவேக்கர்கள் முக்கியமானவர்கள். அந்தப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் மிசிசிப்பியில், அடிமைகள் சுட்ட செங்கல்லை வரிசைப்படுத்தி நிறுத்துகிறார். வடக்கு சுத்தம், தெற்கு அழுக்கு என்று கோடு கிழிக்க முடியாது என்பதற்கு இதைவிட நெருக்கமான காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. வடக்கின் ஆலைகள் தெற்கின் பருத்தியை நூற்றன, வடக்கின் கட்டடக் கலைஞர்கள் தெற்கின் பணத்தில் வரைந்தார்கள்.

வேலை வேகமாக நடந்தது. முதலில் வெளிக்கூடு, அப்புறம் உள்வேலை என்பது வரிசை. சுவரை ஏற்று, கூரை போடு, குவிமாடத்தை மூடு, மழை உள்ளே வராமல் ஆனபிறகு பூச்சும் தளமும் கதவும். எந்த மேஸ்திரியும் சொல்லும் வரிசைதான். அந்த வரிசைதான் இந்த வீட்டைக் காப்பாற்றியது. 1861 ஜனவரி 9-ல் மிசிசிப்பி அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. ஏப்ரலில் சம்டர் கோட்டையில் பீரங்கி வெடித்தது, போர் தொடங்கியது. வடக்கத்தி வேலைக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்கள் போகும்போது வெளிக்கூடு ஏறக்குறைய முடிந்திருந்தது. தளம் தளமாக முடித்துக்கொண்டு மேலே போயிருந்தால் கூரையில்லாத சுவர்கள் சில பத்தாண்டில் இடிந்து, இன்று அங்கே மரம்தான் முளைத்திருக்கும்.

அப்புறமும் வேலை உடனே அடியோடு நின்றுவிடவில்லை, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கருவியைப் போட்டுவிட்டுப் போனவர்கள் வடக்கத்தி ஆட்கள். கீழ்த்தளத்தை மட்டுமாவது குடியிருக்கும்படி முடித்தார்கள். அதை முடித்த கைகள் பெரும்பாலும் அடிமைகளின் கைகள். 1862-ல் குடும்பம் அதில் குடியேறியது. போர் முடிந்ததும் மேலே தொடரலாம் என்பது எண்ணம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான்களோ வடக்கின் கடற்படை போட்ட முற்றுகையால் வந்துசேரவில்லை.

போரும் நட்டும்

ஹாலர் நட் ஒன்றியத்தின் பக்கம், அதாவது வடக்கின் பக்கம் நின்றவர். பிரிவினை வேண்டாம் என்றவர். நாச்செஸ் பணக்காரர்களில் இப்படி நினைத்தவர்கள் குறைவில்லை. அதில் அடிமைகள்மேல் இரக்கம் என்று எதையும் தேட வேண்டாம். நியூயார்க் வங்கியும் லிவர்பூல் சந்தையும் அறிந்தவர்களுக்குப் போர் வந்தால் எல்லாம் போகும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

1862 மே மாதம் ஒன்றியக் கடற்படை ஆற்றில் வந்து நின்றபோது நாச்செஸ் சண்டையில்லாமல் பணிந்தது. 1863 ஜூலையில் தென்படை பிடித்துவைத்திருந்த ஆற்றங்கரை ஊரான விக்ஸ்பர்க் வீழ்ந்ததும் ஒன்றியப் படை ஊருக்குள் வந்து தங்கியது. ஊர் பெரிய சேதமில்லாமல் தப்பியது இப்படித்தான், அதனால்தான் இத்தனை மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் நட்டின் செல்வம் ஊருக்குள் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே இரண்டு படைகளும் கை வைத்தன. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று தென்படை பருத்தியை எரித்தது. தனக்கு வேண்டும் என்று ஒன்றியப் படை தானியத்தையும் மாட்டையும் பொருளையும் எடுத்தது. ஒன்றியத்துக்கு விசுவாசமானவர் என்ற பெயர் அவருக்குப் பெரிதாக உதவவில்லை.

1864 ஜூனில் நிமோனியாவில் ஹாலர் நட் இறந்தார். வயது 48. மனம் உடைந்து இறந்தார் என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

இனி அந்தக் கேள்வி

வேலைக்காரர்கள் போனார்கள், கப்பல் வரவில்லை, வீட்டுக்காரர் இறந்தார். வழக்கமாகச் சொல்லும் மூன்று காரணங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். 1865-ல் போர் முடிந்ததும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஆட்கள் திரும்பி வந்திருக்கலாம். கடல் திறந்துவிட்டது. வீட்டுக்காரர் இறந்தாலும் வாரிசுகள் வீட்டை முடிப்பது உலகத்தில் நடக்காததல்ல. வரைபடம் இருந்தது, வரைந்தவர் இருந்தார், கூடு இருந்தது. இந்த மூன்றும் வேலையை நிறுத்திவைக்கும் காரணங்கள், என்றென்றைக்கும் முடியாமல் செய்யும் காரணங்கள் அல்ல.

முடியாமல் செய்தது நான்காவது காரணம். நட்டின் முப்பது லட்சம் டாலர் எங்கே இருந்தது? நிலத்தில் ஒரு பங்கு, பருத்தியில் ஒரு பங்கு, மனிதர்களில் ஒரு பெரிய பங்கு. 800 பேரும் கணக்குப் புத்தகத்தில் சொத்து. அவர்கள்மேல் கடன் வாங்கலாம், அவர்களை அடகு வைக்கலாம், ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடில் விற்கலாம். 1863 ஜனவரி 1-ல், பிரிந்துபோன மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று சொன்ன விடுதலைப் பிரகடனம் வந்தது. ஒன்றியப் படை கரைக்கு வந்தபோது அது வெறும் காகிதமாக இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் தோட்டங்களை விட்டு நடந்து நாச்செஸுக்கு வந்தார்கள். ஆண்களில் பலர் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர்கள்தான் ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடில் இருந்த அடிமைக் கொட்டில்களை இடித்து மரத்தை எடுத்துக்கொண்டார்கள். தங்களை விற்ற இடத்தைத் தங்கள் கையாலேயே பிரித்தெடுத்தார்கள். 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

அந்த நிமிஷத்தோடு லாங்வுட்டின் கட்டுமான நிதி உலகத்திலேயே இல்லாமல் போனது. அது திருடு போகவில்லை, எரிந்துபோகவில்லை. அந்த நிதி எழுந்து நடந்து போய்விட்டது, ஏனென்றால் அது மனிதர்களாக இருந்தது. நிலம் மிஞ்சியது, ஆனால் சம்பளம் இல்லாமல் உழ ஆள் இல்லாத நிலம். அதனால்தான் ‘போர் இந்த வீட்டை நிறுத்தியது’ என்ற வரி எனக்குப் போதவில்லை. வீட்டை முதலில் நிறுத்தியது போர். அதை முடிக்கவே முடியாததாக ஆக்கியது விடுதலை. போர் வராமலே அடிமை முறை ஒழிந்திருந்தாலும் மேல்தளங்கள் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஸ்லோன் பக்கம் ஒரு விஷயம். 1861-ல் அவர் போட்ட இன்னொரு வரைபடப் புத்தகத்தில் லாங்வுட் முழுதாக முடிந்த மாளிகையாக அச்சில் வந்திருக்கிறது. குவிமாடம், தாழ்வாரம், சுற்றிலும் தோட்டம் எல்லாம் அதில் உண்டு. அந்தப் படத்தையும் இன்றைய வீட்டின் மேல்தளப் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காகிதத்தில் ஒரு சூளையோ செங்கல் சுமக்கும் ஓர் ஆளோ கிடையாது. நின்றுபோன வீட்டில் அந்த ஆட்களின் வேலையைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஜூலியாவும் பின்வந்த நூறு வருஷமும்

ஜூலியா நட் பிள்ளைகளோடு கீழ்த்தளத்திலேயே இருந்தார். ஒன்றியப் படை எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஈடு கேட்டு அரசாங்கத்தோடு பல பத்தாண்டு போராடினார். கேட்டது பெரிய தொகை, கிடைத்தது சிறு பகுதி. 1897-ல் அவர் இறந்தார். அந்த உரிமைக் கோரிக்கையையொட்டி வக்கீல் கூலி பற்றிய வழக்கு ஒன்று 1906-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வீட்டு வேலை நின்று 45 வருஷம் ஆகியும் கணக்கு முடியவில்லை. அந்தப் பெண்ணின் பிடிவாதம் மனதைத் தொடுகிறது. ஆனால் ஒன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. இழந்த சொத்துக்கு ஈடு கேட்க ஜூலியாவுக்கு ஓர் ஆணையமும், நாடாளுமன்றமும், நீதிமன்றமும் இருந்தன. சொத்தாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு, அவர்கள் இழந்த வாழ்நாளுக்கு, போய் நிற்க எந்த வாசலும் இல்லை.

ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ‘நட்டின் முட்டாள்தனம்’ என்று பெயர் வைத்தார்கள். குடும்பத்தின் அடுத்த தலைமுறைகள் 20-ஆம் நூற்றாண்டிலும் கீழ்த்தளத்தில் குடியிருந்தன. 1932-ல் நாச்செஸ் பெண்கள் தங்கள் மாளிகைகளை வசந்த காலத்தில் வெளியாட்களுக்குத் திறந்துவிடும் ‘பில்கிரிமேஜ்’ தொடங்கியது. பொருளாதார வீழ்ச்சியில் ஒழுகும் கூரையைச் சரிசெய்யக்கூட வழியில்லாத வீடுகளுக்கு அந்த நுழைவுச்சீட்டுப் பணம் உயிர் கொடுத்தது. அந்த நன்றியை மறுக்க முடியாது. ஆனால் விரிந்த பாவாடை கட்டி நின்ற பெண்கள் சொன்ன கதையில் எஜமானர்களும் தூண்களும் இருந்தார்கள், செங்கல் அறுத்தவர்கள் இல்லை. அந்தப் பழக்கம் மாற ரொம்ப காலம் ஆனது.

1968-ல் வீடு குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. வாங்கியது டெக்சஸைச் சேர்ந்த மெக்ஆடம்ஸ் அறக்கட்டளை. 1969-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1970-ல் அறக்கட்டளை அதைப் பில்கிரிமேஜ் கார்டன் கிளப்புக்குக் கொடுத்துவிட்டது. இன்றைக்கும் அவர்கள்தான் பராமரிக்கிறார்கள்.

மேல்தளங்களை முடிக்காமல் அப்படியே வைத்திருப்பது இந்தக் கதையில் நான் மனதார மெச்சும் முடிவு. பணம் சேர்ந்தபோது யாருக்கும் ஆசை வந்திருக்கும். வரைபடம் இருக்கிறது, ஸ்லோனும் நட்டும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன, ஒவ்வோர் அறையும் எப்படி வர வேண்டும் என்று தெரியும். பூச்சு பூசி, பளிங்கு பதித்து, கண்ணாடி மாட்டிவிடலாம். அப்படிச் செய்திருந்தால் நாச்செஸில் இன்னும் ஒரு அழகான மாளிகை கூடியிருக்கும், இந்த வீடு காணாமல் போயிருக்கும். முடிந்த மாளிகைகளில் பூச்சுக்குப் பின்னால் இருப்பதை நாம் நம்பித்தான் ஆக வேண்டும். இங்கே பூச்சு இல்லை. ஒவ்வொரு செங்கல்லும் ஒருவர் கையில் இருந்தது என்பதை மறைக்க வீட்டில் எதுவும் இல்லை.

முடிக்காமல் வைத்திருப்பது சும்மா விட்டுவைப்பது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கும் ஓயாத வேலை உண்டு. தாழ்வாரத்து மரவேலை ஈரக்காற்றில் உளுத்துப்போகும். குவிமாடத்தில் சின்னக் கசிவு வந்தாலும் தண்ணீர் நடுக்கூடம் வழியாக நேரே கீழ்த்தளம் வரை இறங்கும். ஸ்லோன் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வெட்டிய வழி மழைக்கும் வழிதான். உச்சியிலிருந்த மரக் கலசம் போய், இப்போது இருப்பது கண்ணாடியிழையில் செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வீட்டைச் சுற்றி ஓக் மரங்கள், கிளைகளிலிருந்து சாம்பல் நிறப் பாசி தொங்குகிறது. ஹாலர் நட்டும் ஜூலியாவும் அந்த நிலத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்தில் வீட்டு வேலை செய்த அடிமைகளுக்கென்று இருந்த அந்தச் செங்கல் கட்டடமும் நிற்கிறது. ஊருக்கு அந்தப் புறம், ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு இருந்த இடம் வெகு காலம் அடையாளமில்லாத சாலைச் சந்திப்பாகவே கிடந்தது. 2021-ல் அது நாச்செஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியானது. இன்று அங்கே சிமென்ட்டில் பதித்துவைத்த கால்விலங்குகளும் சங்கிலிகளும் இருக்கின்றன. லாங்வுட் பார்க்கப் போகிறவர்கள் அங்கே முதலில் போய்விட்டு, அப்புறம் வீட்டுக்கு வந்து மாடி ஏறுங்கள்.